சிறு செலவில் ஒலிப்பதிவு

பாடியவர் மறைந்த பின்னும் பாட்டு நிற்க வேண்டுமாயின் அதைப் பதிந்து வைக்கக் கருவி வேண்டும். அந்தக் கருவி நெடுங்காலம் செல்வர்க்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே எட்டுவதாக இருந்தது. 1938ஆம் ஆண்டில் ஆர்னால்டு பாக்கே என்னும் டச்சு இசையறிஞர் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கருநாடகத்திலும் சுற்றி, மக்கள் பாடிய பாட்டுகளைப் பதிவு செய்தார். படச்சுருள் போன்ற நாடாவில் ஒலியைக் கீறிப் பதியும் கருவியை அவர் உடன் கொண்டு சென்றார். நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1984இல், நசீர் அலி ஜெயரஸ்பாய், ஏமி கேட்லின் என்னும் இரு ஆராய்ச்சியாளர் அப்பதிவுகளை வழிகாட்டியாகக் கொண்டு அதே பகுதிகளுக்குச் சென்றனர். எவை நிலைத்தன, எவை மாறின, எவை மறைந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களால் இயன்றது. முன்னவர் பதிந்து வைத்திராவிடில் ஒப்பிடுவதற்கு ஒன்றும் இருந்திராது.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்தி பொருளுடையது. நகருக்குத் தெற்கே நெய்யாற்றின்கரை தொட்டு நாஞ்சில் நாடு வரையிலும் வில்லுப்பாட்டு வழங்கிய நிலம் இது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லைக்கோடு மாறியது, பாட்டும் பேச்சும் கோட்டின் இருபுறமும் தொடர்ந்தன. சாலைத் தெருவிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தமிழ் பேசும் முதியோர் இன்றும் உள்ளனர். அவர்கள் அறிந்த தாலாட்டும், கதையும், விடுகதையும், மலையாளத்தோடு பழகித் தனி நிறம் பெற்ற அவர்களுடைய தமிழும் அச்சேறியவை அல்ல. பேரக்குழந்தைகள் அவற்றைப் பாதி விளங்கிக்கொள்கிறார்கள். திருப்பிச் சொல்ல அறியார்கள். ஆகவே, நடுத்தரக் குடும்பத்தார் ஒருவர் தம் சேமிப்பைக் கொண்டு, தோளில் தொங்கவிட்டுச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுச் சாதனம் ஒன்றை அமைத்துக் கொள்வது எங்ஙனம் என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில், டிஜிட்டல் எனப்படும் எண்முறைப் பதிவு யாது என்று காண்போம். ஒலி என்பது காற்றில் எழும் அலை. மைக் என வழங்கும் ஒலிவாங்கி அவ்வலையை மின்னலையாக மாற்றுகிறது. பழைய டேப் ரிக்கார்டர் அம்மின்னலையைக் காந்த நாடாவில் அப்படியே பதிந்தது. எண்முறைக் கருவியோ அவ்வலையின் உயரத்தைக் குறித்த கால இடைவெளியில் அளந்து, அளவுகளை எண்களாக எழுதி வைக்கிறது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையில் கேட்கும். அதை வழுவின்றிப் பிடிக்க இரண்டு மடங்குக்கு மேல் அளந்தாக வேண்டும். அதனாலேதான் 1982இல் விற்பனைக்கு வந்த இசைத்தட்டில், அதாவது சி.டி.யில், நொடிக்கு 44,100 அளவுகள், அளவு ஒன்றுக்கு 16 பிட் என்று விதித்தனர். பாதுகாத்து வைக்கும் பதிவுக்கு நொடிக்கு 48,000 அளவும் 24 பிட்டும் குறைந்த வரம்பென்று ஒலிக் காப்பகங்களின் உலகச் சங்கம் பரிந்துரைக்கிறது. சிறிய கருவிகளிலும் இவ்வசதி இன்று உண்டு.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்ற ஐயம் எழலாம். மேற்சொன்ன அளவில் ஒற்றைத் தட ஒலி ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 52 கோடி பைட் ஆகும். இரட்டைத் தடமாயின் 104 கோடி. நகத்தளவுள்ள 32 ஜி.பி. நினைவட்டையில் இரட்டைத் தடத்தில் முப்பது மணி நேரம் பதியலாம். 1,200 அடி நாடா, நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில், 32 நிமிடமே ஓடிய காலத்தோடு இதை ஒப்பிட்டால் இன்று நமக்கு வாய்த்துள்ள வசதி விளங்கும். எனவே, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக எம்.பி.3 முறையில் பதிய வேண்டா. அம்முறை செவிக்கு எளிதில் புலப்படாத பகுதிகளைக் கழித்து விடுகிறது; கழித்ததை மீட்க வழியில்லை. வேவ் என்னும் முழுக் கோப்பாகவே பதிந்து வைத்தல் நன்று.

இனிச் செலவைக் கருதுவோம். வாணிகப் பெயர்களை எடுத்துரைப்பது நம் நோக்கமன்று. பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பதே கேள்வி. புதிதாய்த் தொடங்குவோர் பலர் பதிவுக் கருவிக்கே பெரும் பணத்தைச் செலவிடுவர். ஆயின் இன்றைய சிறு கருவிகள் அளந்து எழுதுவதில் ஏறக்குறைய ஒத்தவை. வேறுபாடு மைக்கிலும் அதை வைக்கும் இடத்திலும் விளைகிறது. கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கினால் நான்கு பங்கு மைக்குக்கும் அதைத் தாங்கும் காலுக்கும், மூன்று பங்கு பதிவுக் கருவிக்கும், ஒரு பங்கு காதை மூடும் ஹெட்போனுக்கும், எஞ்சிய இரண்டு பங்கு நினைவட்டைக்கும் நகல் வைக்கும் வட்டுக்கும் ஒதுக்கலாம். நல்ல கைப்பேசி முன்னரே இருக்குமாயின் அதையே பதிவுக் கருவியாகக் கொண்டு, சட்டையில் செருகும் சிறு மைக் ஒன்றை வாங்கியும் தொடங்கலாம். அப்பொழுது அழைப்பும் செய்தியும் குறுக்கிடாதபடி தொடர்பைத் துண்டித்து வைத்தல் அவசியம்.

மைக்கை வைக்கும் தூரம் மிக முக்கியமானது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி ஆறு டெசிபல் குறையும். சுற்றுப்புற இரைச்சலோ குறையாது. பேசுவோர் வாயிலிருந்து ஒரு சாண் முதல் ஒரு முழம் வரையில் மைக் இருத்தல் வேண்டும். நேர் எதிரில் வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தால் மூச்சுக்காற்று மோதாது. நம் வீடுகளின் மொசைக் தரையும் வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பியடித்துக் குகையில் பேசுவது போல் ஆக்கும். இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு: தரையில் பாய் விரித்து, சுவரோரம் கொடி கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டால் போதும். மின்விசிறியையும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்தி விடுதல் வேண்டும். விசிறியின்றி முதியவர்கள் நெடுநேரம் அமர இயலாது. ஆதலின் விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பது அவர்களுக்கும் நலம், பதிவுக்கும் நலம்.

வில்லுப்பாட்டைப் பதிவது கடினமான பணி. வில்லின் நாணில் வீசுகோல் விழ மணிகள் ஒலிக்கும். குடத்தின் அடி திடீரென அதிரும். அவற்றிடையே புலவர் வசனமாகக் கதை சொல்வார். எண்முறைப் பதிவில் ஒலி உச்ச வரம்பைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுண்டு போகும். பிற்பாடு எவராலும் அதைச் செப்பனிட முடியாது. எனவே, குடத்தை ஓங்கி அடிக்கச் செய்து பார்த்து, அந்த உச்சம் வரம்பிற்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நிற்குமாறு அமைத்துக் கொள்ள வேண்டும். தானியங்கி ஒலியளவுச் சாவியை அணைத்து விடுவது நல்லது. இல்லையேல் குடம் முழங்கும்போது கருவி தன்னைத் தாழ்த்திக்கொள்ள, அடுத்து வரும் புலவரின் சொற்கள் அமுங்கிவிடும். 32 பிட் மிதவை எண்ணில் பதியும் சிறு கருவிகளும் இப்போது வந்துள்ளன. அவற்றில் இவ்வச்சம் பெரிதும் குறைகிறது. கொடைத் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக் குழாய்கள் முழங்கும். அவற்றின் முன் மைக்கை நீட்டாமல், பாடுவோர் முன்னிலையில், குழாய்களுக்குப் பின்புறமாக வைத்தால் குரல் தெளிவாய்க் கிட்டும். இரவில் பாடியதன் பொருளை மறுநாள் புலவர் இல்லத்தில் அமர்ந்து கேட்டுப் பதிந்து கொண்டால், கேட்டறிய முடியாத சொற்களும் விளங்கும்.

திருவனந்தபுரத்துக்கு இரு பருவ மழையும் உண்டு. ஈரம் மைக்குக்குப் பகை. கண்டென்சர் வகை மைக்கில் ஈரம் புகுந்தால் பொரிவது போன்ற ஓசை எழும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலங்களோடு, இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் வைத்தலே போதிய காவலாகும்.

கருவியினும் முதன்மையானது பாடுவோரின் இசைவு. பதிவது எதற்கு, யார் கேட்பர் என்று சொல்லி, அவர் சம்மதத்தையே பதிவின் முதற் பகுதியாகச் சேர்த்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 1994இல் செய்த திருத்தம் கலைஞர்க்குத் தம் நிகழ்ச்சியின் மேல் தனியுரிமை வழங்கியுள்ளது. சட்டம் கூறாவிடினும் அவருக்கு உரிய சன்மானமும் ஒரு நகலும் தருவதே முறை.

நிறைவாக, நகல் எடுத்தல். காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகத்துச் சுவடி நூலகத்தை நம்மில் பலர் அறிவர். மகாமகோபாத்தியாய கணபதி சாஸ்திரியார் 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சிட்டு வெளியிட்ட பாச நாடகங்கள் ஓலையிலிருந்தே உலகுக்குக் கிடைத்தன. நம் நாட்டு ஈரத்திலும் பூச்சியிலும் ஓலை நெடுங்காலம் நில்லாது. மூல ஓலை மட்கினும், தலைமுறைதோறும் எவரோ அமர்ந்து படியெடுத்ததால்தான் நூல் நின்றது. எண்முறைப் பதிவுக்கும் அதே விதிதான். நினைவட்டை ஒருநாள் செயலற்றுப் போகும், வட்டு பழுதாகும். ஆகவே, பதிந்த அன்றிரவே இரண்டு வட்டுகளில் படியெடுத்து, ஒன்றை வேறோர் இல்லத்தில் வைத்தல் வேண்டும். கோப்பின் பெயரில் நாளும் ஊரும் இருக்கட்டும். பாடியவர் யார், எப்பாட்டு, எங்கே, எப்பொழுது என்பதை ஒரு குறிப்பேட்டில் மையால் எழுதி வைத்தலும் தேவை. பெயரும் ஊரும் அறியாத குரலைப் பிற்காலத்தார் கேட்கலாம், பயன்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய வட்டுக்கு மாற்றி வர வேண்டும்.

இவ்வளவும் ஒரு தோள்பையில் அடங்கும். இசைக் கல்லூரியோ பெரிய நிறுவனமோ வந்து பதியும் என்று காத்திருக்கும் நாள்களில் பாட்டறிந்தோர் தொகை குறைகிறது. நம் தெருவில், நம் குடும்பத்தில், மூத்தவர் ஒருவரிடம் முதலில் ஒரு தாலாட்டைக் கேட்டுப் பதிவோமாக. அதைப் படியெடுத்து, அவர் பெயரும் ஊரும் எழுதி வைத்து, பின்னர் அடுத்தவரிடம் செல்வோமாக.