படகு ஒரு பக்கம் இழுக்கிறதா?

காரைக்காலுக்குத் தெற்கே இருக்கிறது நெரவி. இந்தக் கடலோர வட்டாரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது மோட்டார் படகு.

அந்தப் படகு நேரே போகாமல் ஒரு பக்கமாகவே இழுத்தால்? பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போகும். அசந்து கைப்பிடியை விட்டால் படகு சட்டென்று திரும்பும். ஆள் கடலில் விழவும் கூடும்!

ஏன் இழுக்கிறது?

மோட்டாரின் விசிறி ஒரே திசையில் சுற்றுகிறது. அதனால் மோட்டார் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கிறது. வலையும் ஐஸ் பெட்டியும் ஒரே பக்கம் இருந்தாலும் படகு இழுக்கும். ஆகவே முதலில் பாரத்தைச் சமமாக வையுங்கள்.

சின்ன வால்

பல மோட்டார்களில் விசிறிக்கு மேலே உள்ள தகட்டின் அடியில், மீன் வால் போல ஒரு சிறு துண்டு உண்டு. இதன் பெயர் டிரிம் டேப்.

மோட்டாரை நிறுத்துங்கள். போல்ட்டைத் தளர்த்துங்கள். படகு இடப்பக்கம் இழுத்தால், துண்டின் பின்முனையை இடப்பக்கமே சிறிது திருப்புங்கள். வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம். போல்ட்டை நன்றாக முடுக்கி, வழக்கமான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். குறை இருந்தால் இன்னும் கொஞ்சம் திருப்பலாம்.

ஓடும் தண்ணீர் அந்த வாலில் மோதி, மோட்டாரை எதிர்ப்பக்கம் தள்ளும். இழுப்பு ஈடாகிவிடும்.

பெயிண்ட் வேண்டாம்!

பல மோட்டார்களில் இந்தத் துண்டு உப்புநீரில் தான் அரிந்து, மற்ற பாகங்களைக் காக்கிறது. பெயிண்ட் பூசினால் அந்தக் காவல் போய்விடும். தேய்ந்துவிட்டால் புதிது மாட்டுங்கள்.

வால் சிறிதுதான். ஆனால் கரை திரும்பும்வரை கைக்கு ஓய்வு தருவது அதுதான்!