மேனி நிறமும் பரம்பரையலகுகளும்

ஒரு தாய் வயிற்றிற் பிறந்த இரு பெண்களுள் ஒருத்தி சிவந்த மேனியளாகவும் மற்றொருத்தி கரிய மேனியளாகவும் இருத்தலை நம்மவர் இல்லங்கள் பலவற்றிற் காண்கின்றோம். முன்னவளை "வெள்ளைப் பிள்ளை" எனக் கொஞ்சுவோரே பின்னவளைக் "கறுப்பி" என அழைக்கின்றனர். திருமணப் பேச்சு எழுங்கால் இவ்வேறுபாடு விளையாட்டளவில் நில்லாது சீதனத்தின் அளவையும் மாற்றிவிடுகின்றது. வகுப்பறையிலே இத்தகைய சொற் கேட்டுத் தலைகுனிந்த மாணாக்கரை யான் பலகாற் கண்டுள்ளேன். மேனி நிறம் எங்ஙனம் அமைகின்றது? உலக மக்களிடையே அது வேறுபடுதற்குக் காரணம் யாது? இவ்வினாக்களுக்கு அறிவியல் தரும் விடையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

தோலின் நிறத்துக்குத் தலையாய காரணம் மெலனின் என்னும் நிறப்பொருளாகும். இதனை ஆக்கும் கலங்கள் கரியர்க்கும் வெள்ளையர்க்கும் ஏறத்தாழ ஒரே தொகையினவாகவே உள. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையுமே வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை ஆளுவன பெற்றோரிடமிருந்து நாம் பெறும் பரம்பரையலகுகள். நிறத்தை ஆளும் அலகு ஒன்றன்று, பலவாகும்.

அவற்றுள் முதன்மையான ஒன்று 2005 ஆம் ஆண்டில் அறியப்பட்டது. பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் செங் என்பவரும் அவருடன் உழைத்தோரும், கோடுகள் வெளிறிய ஒருவகை வரிக்குதிரை மீனை ஆராய்ந்தபோது அதன் குறைபாட்டுக்குரிய அலகைக் கண்டனர். எஸ்.எல்.சி.24ஏ5 என்பது அதன் பெயர். மனிதரிலுள்ள அதே அலகின் செய்தியை மீன் கருவினுட் புகுத்தியதும் கருநிறம் மீண்டது. இவ்வலகிற்கு மனிதரில் இரு வடிவங்கள் உண்டு. அது ஆக்கும் புரதத்தின் 111 ஆம் இடத்திலே தொன்மை வடிவில் அலனினும், மாறிய வடிவில் திரியோனினும் அமையும். மாறிய வடிவு நிறத்தைக் குறைக்கும். ஐரோப்பியர் ஏறக்குறைய அனைவரும் மாறிய வடிவினர். மேலை ஆபிரிக்கரிடையிலும் கீழைத்தேயச் சீனர் முதலியோரிடையிலும் அவ்வடிவு அரிது.

இனி, நம்மவர் நிலை யாது? 2013 ஆம் ஆண்டில் இந்திய, எசுத்தோனிய ஆய்வாளர் பலர் கூடித் தென்னாசிய மக்களின் இவ்வலகை ஆராய்ந்து வெளியிட்டனர். மாறிய வடிவு வடமேற்கில் மிகுந்தும் தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் காணப்பட்டது. தென்னாசியரிடமுள்ள மாறிய வடிவும் ஐரோப்பியரிடமுள்ள அவ்வடிவும் தனித்தனியே தோன்றியவையல்ல. ஒரே மூதாதையிடமிருந்து வழிவழி வந்தவை என்பதும் புலனாயிற்று. இலங்கைத் தமிழரிடையே இவ்விரு வடிவங்களும் கலந்தே உள. தாய் தந்தையர் இருவரும் வடிவுக்கொன்றாக இரண்டையும் உடையராயின், மெண்டல் 1866 இல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு விளக்கிய விதிப்படி, பிள்ளைகளுள் ஒன்று இரு தொன்மை வடிவுகளையும் மற்றொன்று இரு மாறிய வடிவுகளையும் பெறலாம். அக்காளும் தங்கையும் நிறத்தில் வேறுபடுதற்கு இஃதொரு காரணம்.

வெண்மை எங்கணும் ஒரே வழியில் வந்ததன்று. சீனரின் வெளிறிய நிறத்துக்கு ஓ.சி.ஏ.2 முதலிய வேறு அலகுகளின் மாற்றங்கள் காரணமாகும். சொலமன் தீவினருட் சிலர் கரிய மேனியும் பொன்னிறக் கூந்தலும் உடையர். அக்கூந்தலுக்குரிய மாற்றம் ஐரோப்பியரிடம் உள்ளதன்று என 2012 இல் அறியப்பட்டது. ஆபிரிக்கர் அனைவரும் ஒரே கருமையர் என்பதும் பிழை. அங்கு நடந்து 2017 இல் வெளிவந்த ஆய்வு, கருமைக்குரிய வடிவங்களோடு வெண்மைக்குரிய வடிவங்களும் அக்கண்டத்திலே தொன்றுதொட்டு நிலவுவதைக் காட்டியது. ஆபிரிக்கரின் கருமைக்குரிய வடிவங்கள் சில தென்னாசியரிடமும் உள்ளன. ஆகவே, யாழ்ப்பாணத்தார் ஒருவர் ஆங்கிலேயருடன் பகிர்ந்த வடிவொன்றையும் ஆபிரிக்கருடன் பகிர்ந்த வடிவொன்றையும் ஒருங்கே தம் உடலிற் கொண்டிருத்தல் கூடும்.

இவ்வேறுபாடுகளை வளர்த்தது பெரும்பாலும் ஞாயிறே. ஊதாகடந்த கதிர்கள் மிக்க நிலத்தில், கருவின் வளர்ச்சிக்கு வேண்டிய போலேற்று என்னும் விற்றமின் அழியாமல் மெலனின் காக்கின்றது. கதிர் குறைந்த வடநிலத்திலோ, விற்றமின் டி உண்டாதற்கு வெளிறிய தோலே ஏற்றது. 2000 ஆம் ஆண்டில் நினா யப்லொன்ஸ்கியும் ஜோர்ஜ் சப்ளினும் இக்கருத்தை விரித்துரைத்தனர். ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டிலுள்ள யாழ்ப்பாணத்தில் கரிய தோல் காப்பு. ஏறத்தாழ 60 பாகையிலுள்ள ஒஸ்லோவில் மாரிக்காலத்தில் விற்றமின் டி ஆக்குதற்குரிய கதிர் கிட்டாது. அங்கும் இலண்டனிலும் குடியேறிய நம்மவர் இதனைக் கருத்தில் இருத்தல் நன்று. கரிய தோலினர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி உட்கொள்வதை எண்ணுமாறு பிரித்தானியச் சுகாதாரத் துறையினரும் அறிவுறுத்துகின்றனர்.

எனவே, நிறம் நம் முன்னோர் எவ்வெயிலில் வாழ்ந்தனர், எவரொடு கலந்தனர் என்பதற்குச் சான்றாகலாம். அறிவுக்கோ, ஒழுக்கத்துக்கோ, குடிச்சிறப்புக்கோ அஃது அளவுகோலாகாது. திருமாலையும் காளியையும் கரிய மேனியராய் வைத்து வணங்கும் நாம், அந்நிறத்தோடு பிறந்த மகளுக்கு மாத்திரம் கூடுதற் சீதனம் தேடுவது முறையா? ஒரே பெற்றோரின் இரு பிள்ளைகளிடையே நிகழ்ந்த அலகுப் பங்கீட்டை ஒருத்திக்குப் பெருமையாகவும் மற்றொருத்திக்குக் குறையாகவும் எண்ணும் வழக்கத்தை, கற்றோராகிய நாமே முதலில் நம் இல்லங்களிலும் வகுப்பறைகளிலும் கைவிடல் வேண்டும்.