பொதுக் குதிரைப் பாதை (இங்கிலாந்து, வேல்சு)

பொதுக் குதிரைப் பாதை என்பது இங்கிலாந்திலும் வேல்சிலும் நடப்போர், குதிரையில் செல்வோர், மிதிவண்டி ஓட்டுவோர் ஆகியோர் பகிர்ந்து பயன்படுத்தும் பொதுவழி ஆகும். நீல நிற அம்புக்குறி இதன் அடையாளம்.

1968ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் இப்பாதைகளில் மிதிவண்டிகளை அனுமதித்தது. ஆயினும் அவை நடப்போருக்கும் குதிரையில் செல்வோருக்கும் வழிவிட வேண்டும்.

குதிரைக்குத் தன் நேர் பின்புறம் கண்ணுக்குத் தெரியாது. ஓசையின்றிப் பின்னால் வரும் மிதிவண்டியால் அது மிரண்டு உதைக்கலாம் அல்லது ஓடலாம். மேலே இருப்பவர் விழக்கூடும். எனவே மிதிவண்டி ஓட்டுபவர் தொலைவிலேயே குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, விலகிக் கடப்பதே பாதுகாப்பானது.

பாதையிலுள்ள கதவுகள் குறைந்தது 5 அடி அகலம் இருக்க வேண்டும். அவற்றைப் பராமரிப்பது நில உரிமையாளரின் பொறுப்பு. பாதையின் தரைப்பரப்பைப் பராமரிப்பது பொதுவாக உள்ளூர் நெடுஞ்சாலை நிர்வாகத்தின் பொறுப்பு.