கருவாட்டுச் சட்டியும் காணாமல் போன கையும்

கருவாடு வறுத்த சட்டியைக் குழாயடியில் காட்டினால் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு ஓடும், பிசுக்கு அசையாது. சோப்பு போட்டுத் தேய்த்தால்தான் கழுவ வரும். சோப்பு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் தண்ணீரையும் பிடித்துக்கொள்கிறது. ஆரணியில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கச்சாப் பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து, செரிசின் பசையைக் கழற்றுகிற ஊர். எடையில் கால்பங்கு போகும், பளபளப்பு வரும்.

உடம்புக்குள்ளும் இந்தக் கழுவல் உண்டு. பீடிப் புகையிலும் கருகிய பண்டத்திலும் இருக்கும் பென்சோபைரீன் தண்ணீரில் கரையாது. முதலில் சில நொதிகள் அதில் ஆக்சிஜனை ஏற்றுகின்றன. வம்பு அங்கேதான்: பாதி வேலையில் நிற்கும் அந்தப் பொருள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு புற்றுக்கு வழி திறக்கும். அதற்குள் குளூட்டத்தயோன் என்ற சோப்பை அதன்மேல் பூட்டி வெளியே தள்ளுகிற கைதான் ஜிஎஸ்டி என்ற நொதிக் கூட்டம். (தறிக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம், இது அந்த வரி இல்லை.)

இந்தக் கைகளில் ஒன்று ஜிஎஸ்டிஎம்1. சிலருக்கு அதன் மரபணு பழுதுபட்டிருக்கவில்லை, அடியோடு இல்லை. அப்பா வழி, அம்மா வழி இரண்டு பிரதியும் விடுபட்டால் அந்த நொதி துளிகூட உருவாகாது. ஐரோப்பியரில் சுமார் பாதிப்பேர் இப்படித்தான். நம்மவரில் அதைவிடக் குறைவு. அது இல்லாதவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒரு மருமகள் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் பாத்திரம் தேய்த்துவிடுவார்கள். விருந்து நாளில்தான் தொட்டி நிரம்பும்: புகையிலை, தினமும் உப்பேறிய கருவாடு, இரைப்பையில் குடியேறிய ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி.

1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் கண்ட இந்தக் கிருமியை, 1994-ல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என்று அறிவித்தது. ஜிஎஸ்டிஎம்1 இல்லாதது இரைப்பைப் புற்று ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டுகிறது. அதிலும் ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. 1998-ல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் பிடிபட்ட சிடிஎச்1 மரபணுப் பிழையோ வேறு ரகம். தலைமுறைதோறும் இளவயதிலேயே வயிற்றுப் புற்றைக் கொண்டுவருவது. வீட்டில் அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால் மரபணு ஆலோசனை அவசியம். மற்றவர்கள் ஜிஎஸ்டிஎம்1 சோதனைக்குக் காசு கட்டுவது வீண் என்பேன். தீராத வயிற்று எரிச்சலுக்குக் கிருமிச் சோதனை செய்யலாம். இருந்தால், பெரும்பாலும் 14 நாள் மாத்திரையில் போய்விடும்.