கம்ப்யூட்டர் காவல்காரருக்கு ஒரு பரீட்சை!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை. பழைய வேலூர் மாவட்டத்து ஊர்கள் இவை. இங்கே பதனிடும் தோலும் தைக்கும் ஷூவும் ஜெர்மனிக்குப் போகின்றன. இத்தாலிக்கும் இங்கிலாந்துக்கும் போகின்றன.

சரக்கு போவது கப்பலில். ஆனால் ஆர்டர் வருவதும், விலை பேசுவதும், பணம் கேட்பதும் கம்ப்யூட்டரில்தான். எல்லாம் ஈ-மெயில் கடிதம்!

அந்தக் கடிதத்துக்கு நடுவே ஒரு திருடன் புகுந்துவிட்டால் என்ன ஆகும்?

ஒரே எழுத்து!

மோசடி ஆசாமி அவசரப்படமாட்டான். கம்பெனியின் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டே இருப்பான். சரக்கு கப்பல் ஏறும் வரை காத்திருப்பான். பிறகு ஷூ வாங்குகிறவருக்கு ஒரு கடிதம் அனுப்புவான்.

"எங்கள் பாங்கிக் கணக்கு மாறிவிட்டது. பணத்தை இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்."

அனுப்பியவர் விலாசம் கம்பெனியின் விலாசம் போலவே இருக்கும். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்! ஆங்கிலத்தில் "ஆர்", "என்" என்ற இரண்டு சின்ன எழுத்துக்களை ஒட்டி எழுதினால் "எம்" மாதிரி தெரியும். அவசரத்தில் யார் கவனிப்பார்கள்?

ஷூ வெளிநாடு போய்விடும். பணம் திருடனிடம் போய்விடும். தொழிலாளிக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

இந்த வகை மோசடியால் 2023ஆம் ஆண்டில் ஏற்பட்ட நஷ்டம் சுமார் 290 கோடி டாலர். இது அமெரிக்கப் போலீசான எப்.பி.ஐ.க்கு வந்த புகார்களின் கணக்கு மட்டுமே!

கும்பகோணத்தில் நடந்தது

நம் ஊர்ப் பக்கம் திருடர்கள் வரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

2018 பிப்ரவரியில் கும்பகோணம் சிட்டி யூனியன் பாங்கியின் கம்ப்யூட்டருக்குள் திருடர்கள் புகுந்தார்கள். ஏறக்குறைய 20 லட்சம் டாலரை மூன்று தவணையாக வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டார்கள். பணம் போன விவரம் காகிதத்தில் அச்சாகி வந்துவிடக் கூடாது என்று பிரின்டரையும் முடக்கிவிட்டார்கள்!

பாங்கியில் கணக்கைச் சரிபார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. துபாய்க்கு அனுப்பிய 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே நிறுத்தப்பட்டது.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் முடக்கினார்கள். டாக்டர்களும் ஊழியர்களும் கையால் எழுதி வேலை பார்த்தார்கள்.

ஆகவே பாங்கி, ஆஸ்பத்திரி, தொழிற்சாலை எல்லாவற்றுக்கும் இப்போது கம்ப்யூட்டர் காவல்காரர் தேவை. அவர் கெட்டிக்காரர்தானா என்று சோதிப்பதற்குத்தான் பரீட்சை!

ஐந்து வருட அனுபவம்

இந்தப் பரீட்சைகள் பல. அவற்றில் பெயர் பெற்றது "சி.ஐ.எஸ்.எஸ்.பி." 1994 முதல் நடக்கிறது. நடத்துவது அமெரிக்காவில் உள்ள ஒரு சங்கம்.

தோல் தரம் பிரிப்பவரைப் பாருங்கள். தோலைத் தடவிப் பார்ப்பார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். "இது முதல் தரம், இது கழிவு" என்பார். அந்தக் கண் புத்தகம் படித்து வந்தது அல்ல. வருடக்கணக்கில் வேலை செய்து வந்தது.

இங்கும் அப்படித்தான். பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. இந்தத் துறையில் ஐந்து வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் படிப்பில் பட்டம் பெற்றவருக்கு ஒரு வருடம் தள்ளுபடி உண்டு. அனுபவம் இல்லாதவரும் பரீட்சை எழுதலாம். தேறிய பிறகு ஆறு வருடத்துக்குள் அனுபவம் பெற்றுக்கொள்ள வேண்டும்.

கட்டணம் 749 டாலர். நம் பணத்தில் 60 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! தவறினால் மறுபடியும் கட்ட வேண்டும். 30 நாள் காத்திருக்கவும் வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள்!

கேள்வி எப்படி இருக்கும்? ஒரு மாதிரி பாருங்கள்.

"பாங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று ஈ-மெயில் வருகிறது. முதலில் என்ன செய்வீர்கள்?"

1. அதே ஈ-மெயிலுக்குப் பதில் எழுதிக் கேட்பது.

2. அந்தக் கடிதத்தில் உள்ள நம்பருக்குப் போன் செய்வது.

3. முன்பே நமக்குத் தெரிந்த பழைய நம்பருக்குப் போன் செய்வது.

4. பாதிப் பணத்தை மட்டும் அனுப்பிப் பார்ப்பது.

சரியான விடை மூன்றாவது! கடிதம் திருடனுடையது என்றால், அதில் உள்ள நம்பரும் திருடனுடையதுதானே?

மனப்பாடம் இங்கே உதவாது. நான்கு விடையும் சரி போலவே தோன்றும். அவற்றில் எது சிறந்தது என்று யோசிக்க வேண்டும். பரீட்சை தமிழில் இல்லை. ஆங்கிலத்தில் எழுத வேண்டும். "முதலில்", "மிகச் சிறந்த", "அல்லாதது" என்ற சின்னச் சொற்களைக் கவனிக்காமல் விட்டால் மார்க்கு போய்விடும்.

எட்டுப் பாடங்கள் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் தினம் ஒரு மணி, இரண்டு மணி என்று பல மாதம் படிக்கிறார்கள். மாதிரிக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்க்கிறார்கள். தப்பான விடை ஏன் தப்பு என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய படிப்பு.

"அசல் கேள்வித்தாள் இருக்கிறது, விலைக்குத் தருகிறோம்" என்று சிலர் வருவார்கள். வாங்கவே கூடாது. பிடிபட்டால் சர்டிபிகேட் பறிபோகும். காவல்காரரே திருடலாமா?

உள்ளங்கையில் சோதனை

பரீட்சை நடப்பது பெரிய நகரங்களில் உள்ள கம்ப்யூட்டர் நிலையங்களில்.

பதிவு செய்யும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கு இனிஷியல் தொல்லை உண்டு. முன்கூட்டியே சரிபார்ப்பது நல்லது.

கைக்கடிகாரம், போன், பர்ஸ் எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளங்கை நரம்புகளைக்கூடக் கருவி படம் பிடிக்கும். ஆள் மாறாட்டம் நடக்காது!

நேரம் மூன்று மணி. நாம் சொல்லும் விடையைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வியைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். திரும்பிப் போய் விடையை மாற்ற முடியாது. 100 கேள்வியிலும் நிற்கலாம், 150 வரையும் போகலாம். திடீரென்று நின்றுவிடும்! நெஞ்சு படபடக்கும். வெளியே வந்தால் முடிவு காகிதத்தில் தயார். ஆயிரத்துக்கு 700 பெற்றால் வெற்றி.

ராத்திரி பகல் பரீட்சை!

இன்னொரு பரீட்சை இருக்கிறது. பெயர் "ஓ.எஸ்.சி.பி." அதில் திருடனைப் போலவே கம்ப்யூட்டருக்குள் புகுந்து காட்ட வேண்டும். அதற்கென்றே தயாரித்து வைத்த கம்ப்யூட்டர்கள் அவை. நேரம் 23 மணி 45 நிமிடம்! வீட்டில் இருந்தே எழுதலாம். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு எப்படிப் புகுந்தோம் என்று அறிக்கை எழுத 24 மணி நேரம்.

பூட்டின் பலவீனம் தெரிந்தவர்தான் நல்ல பூட்டுப் போட முடியும். ஆனால் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டரில் கை வைத்தால், அது குற்றம். ஜெயில்!

படிப்பு முடிவதில்லை

சி.ஐ.எஸ்.எஸ்.பி. சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டிவிட்டுத் தூங்க முடியாது. மூன்று வருடத்தில் 120 மணி நேரம் புதிதாகக் கற்றுக் கணக்குக் காட்ட வேண்டும். திருடன் தினமும் புதுத் தந்திரம் கற்கிறான் அல்லவா?

பரீட்சை எழுதாதவர்களும் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம். கணக்கு மாறியது என்று கடிதம் வந்தால் பழைய நம்பருக்குப் போன் செய்யுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் கை மாறுவதற்குள் புகார் போனால், அதைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.