சேலையின் முத்திரையும் செயலியின் கையொப்பமும்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் பட்டுச்சேலை வாங்குவோர், அதில் தொங்கும் 'சில்க் மார்க்' அட்டையைத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த அந்த முத்திரை, நூல் அசல் பட்டு என்பதற்குச் சான்று. ஆனால், அட்டையைக் கழற்றி ஒரு போலிச் சேலையில் கட்டிவிட்டால்? அட்டையில் தனி எண் உண்டு. இருந்தாலும் அட்டை வேறு, சேலை வேறுதானே!

ஆண்டிராய்டு கைப்பேசியும் கையொப்பமில்லாத செயலியை நிறுவ மறுக்கும். ஆனால் இந்தக் கையொப்பத்தைப் பிய்த்து வேறொன்றில் ஒட்ட முடியாது. செயலி முழுவதையும் ஒரு கணித முறையில் பிழிந்து, 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணாக்குகிறார்கள். இதுவே ஹாஷ். செயலியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஏறக்குறையப் பாதி பிட்டுகள் மாறிவிடும்! தயாரித்தவர் தம்மிடம் மட்டுமே உள்ள அந்தரங்கச் சாவியால் அந்த எண்ணுக்குக் கையொப்பமிடுகிறார். அதன் இணையான பொதுச் சாவியைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். அட்டை இங்கே இழையோடு நெய்யப்பட்டுவிட்டது.

சரி, அந்தப் பொதுச் சாவி இன்னாருடையதுதான் என்று யார் சொல்வது? ஆண்டிராய்டில் தயாரித்தவரே தம் சான்றிதழை ஆக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியோ, தான் நம்பும் வேர்ச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. வேர் ஓர் அமைப்புக்குச் சான்று தரும். அந்த அமைப்பு மற்றவர்களுக்குத் தரும்.

சங்கிலியில் ஒரு கண்ணி நெகிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை நம் நாடே கண்டது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி, சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளரே இந்தியாவின் வேர். அதன்கீழ் இயங்கிய தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருந்தன. 2014 ஜூலை 2 அன்று கூகுள் அதைக் கண்டுபிடித்தது. அவை நிரல்களுக்கானவை அல்ல, இணையதளங்களுக்கானவை. ஆயினும் சங்கிலியின் அமைப்பு ஒன்றே. விண்டோஸ் அந்த வேரை நம்பியதால், போலித் தளத்தையும் அசலென்றே ஏற்றிருக்கும். மறுநாளே அந்தப் பிரிவின் சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன. ரத்து செய்ய வழியில்லாத சான்றிதழ் ஆபத்தானது என்பேன்.

இன்னொன்று. சில்க் மார்க் பட்டைப் பற்றி மட்டுமே பேசும். சரிகை அசலா என்று சொல்லாது. கையொப்பமும் அப்படியே. யார் செய்தார், இடையில் மாறியதா என்று சொல்லும். செயலி நல்லதா என்று சொல்லாது. அதனால்தான் கைப்பேசி ஒவ்வொரு செயலியையும் தனி அறையில் பூட்டிவைத்து, வெளியே கைநீட்டும்போது உங்களைக் கேட்கிறது. டார்ச் விளக்குச் செயலி ஒன்று உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் மறுத்துப் பாருங்கள். விளக்கு பெரும்பாலும் எரியும்.