லோகவித்விஷ்டமும் மாறனேரி நம்பியின் சரமகைங்கரியமும்

பெரிய நம்பியும் மாறனேரி நம்பியும் ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்து ஒருங்கு பயின்றவர்கள். பிறப்பால் முன்னவர் அந்தணர். பின்னவர் ஊர் வழக்கு தீண்டத்தகாததென்று ஒதுக்கிவைத்த குலத்தவர். ஆசாரியருடைய நோயைத் தாம் பிரசாதமாக ஏற்றுக்கொண்டவர் மாறனேரி நம்பி என்று பூர்வர்கள் ஸாதிப்பர். அவர் திருநாட்டுக்கு எழுந்தருளும் தறுவாயில், தேவர்களுக்கென்று வகுத்த புரோடாசம் போன்ற இத்திருமேனி பகவத் ஸம்பந்தமில்லாத உறவினர் கையில் சேரலாகாது என்று பெரிய நம்பியிடம் விண்ணப்பித்தார். பெரிய நம்பியும் அவ்வாறே இசைந்து, பிரஹ்மமேத விதிப்படி அவருக்குச் சரமகைங்கரியத்தைத் தம் கையாலேயே செய்து தலைக்கட்டினார்.

இச்செயலில் மீறப்பட்ட வரம்பு ஒன்றன்று. பிரஹ்மமேதம் வேதம் வல்லாருக்கென விதிக்கப்பட்ட ஸம்ஸ்காரம். அதைப் பிறருக்குச் செய்தது ஒரு மீறல். இறந்தவனுக்குக் கிரியை செய்யும் அதிகாரம் புத்திரனுக்கும், அவனில்லாதபோது ஞாதிகளுக்கும் உரியது என்பது ஸ்மிருதிகளின் துணிபு. அவ்வுரிமையை ஸஹாத்யாயி ஒருவர் எடுத்துக்கொண்டது மற்றொன்று. ஊரார் கண்ணில் பட்டதோ இவ்விரண்டும் அல்ல, தீட்டு ஒன்றே. இச்செய்தியைச் சொல்லும்போது பொதுவாக மூன்றாவதை மட்டுமே எடுத்துரைப்பது வழக்கமாகிவிட்டது. எம்பெருமானாரே இதுபற்றி வினவியதன் கனத்தை உணர முதலிரண்டையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

எம்பெருமானார் கேட்டதன் கருத்து, வரம்பைக் காக்க ஒரு பக்கம் வேலியடைத்துக் கொண்டிருக்க, தேவரீர் மறுபக்கம் அதைப் பிரிக்கலாமோ என்பது. இது அறியாமையால் எழுந்த வினாவன்று. நம்பியின் திருவாக்காலேயே உலகம் விடையறிய வேண்டும் என்னும் திருவுள்ளத்தால் எழுந்தது என்பர் பெரியோர். அவ்வாறாயினும் வினாவுக்குச் சாஸ்திரத்தில் வலுவான பிடி இருந்தது. தர்மத்துக்குப் பிரமாணம் நான்கென்று மநு வகுப்பார்: சுருதி, ஸ்மிருதி, நல்லோர் ஒழுக்கம், தன்னுள்ளத்தின் நிறைவு. இக்காலச் சொற்களால் கூறுவதானால் முதலிரண்டும் சட்டம், மூன்றாவது சமூகம், நான்காவது அவரவர் அறவுணர்வு. இவை முரண்படுமிடத்தில் எது வெல்லும்? யாஜ்ஞவல்க்யர் ஆசாராத்யாயத்தில் ஒரு நெறி கூறுகிறார்: தர்மத்தோடு பொருந்தியதே ஆனாலும், உலகம் வெறுப்பதாயின் அதைச் செய்யலாகாது. அவ்வாறு வெறுக்கப்படுவதே லோகவித்விஷ்டம் எனப்படுவது. மநுவும் நான்காம் அத்தியாயத்தில் இதையொத்த கருத்தைச் சொல்லியுள்ளார்.

எம்பெருமானார் எழுந்தருளியிருந்த காலத்திலேயே, கல்யாணியில் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்ரமாதித்யனின் ஆட்சியில் (1076–1126) யாஜ்ஞவல்க்ய ஸ்மிருதிக்கு மிதாக்ஷரா என்னும் உரை வரைந்தார் விஜ்ஞாநேச்வரர். தாயபாகத்தில் மூத்த மகனுக்கு மிகுந்த பங்கு கொடுக்கலாம் என்று சாஸ்திரம் சொல்லியிருந்தும், அது லோகவித்விஷ்டமாதலால் செய்யலாகாது என்று அவர் தீர்த்தார். விருந்தினர்க்கும் வேள்விக்கும் பசுவை வதைப்பது சாஸ்திரத்தில் காணப்பட்டும் உலகம் வெறுத்தமையால் ஒழிந்ததுபோல இதுவும் ஒழியும் என்பது அவருடைய நியாயம். ஆக, இந்நெறி எப்போதும் பழமையின் காவலன் என்று கொள்ளுதற்கில்லை. இங்கே சமூகத்தின் உணர்வு எழுத்தில் நின்ற விதியைத் திருத்தி, இளைய மக்களுக்குச் சமபங்கு பெற்றுத் தந்தது. அதே நெறி மாறனேரி நம்பியின் விஷயத்தில் நம்பிக்கு எதிராக நின்றது. உலகம் வெறுப்பது தகுதியானதா என்பதைச் சோதிக்கும் கருவி அந்நெறிக்குள் இல்லை.

பெரிய நம்பி விடையிறுக்கையில் தம்முடைய ஆத்மதுஷ்டியைப் பிரமாணமாகக் காட்டவில்லை என்பது ஊன்றி நோக்கத்தக்கது. சிஷ்டாசாரத்தையே காட்டினார். சக்கரவர்த்தித் திருமகனைக் காட்டிலும் அடியேன் உயர்ந்தவனோ, பெரியவுடையாரைக் காட்டிலும் இவர் தாழ்ந்தவரோ. தர்மபுத்திரரினும் அடியேன் மேற்பட்டவனோ, விதுரரினும் இவர் குறைந்தவரோ என்பது அவர் திருவுள்ளம். பாகவதர் பெருமை பேசும் நம்மாழ்வாரின் பயிலுஞ்சுடரொளி, நெடுமாற்கடிமை என்னும் திருவாய்மொழிகள் வெறும் கடலோசையாகப் போகலாமோ என்றும் சேர்த்தருளினார். வேறொருவரைக் கொண்டு செய்வித்திருக்கலாமே என்பதற்கோ, ஆளைவைத்துச் சந்தியை உபாஸிப்பார் உண்டோ என்னும் கருத்துப்பட விடை வந்தது. இக்கைங்கரியத்தை நித்யகர்மத்தோடு ஒரு தட்டில் வைத்தமையால், இது விருப்பத்தால் செய்த கருணையன்று, விடின் பாபம் சேரும் கடமை என்றாகிறது.

பெரியவுடையார் விஷயம் தெளிவானது. ஆரண்யகாண்டத்தில் பெருமாள் ஜடாயுவுக்குத் தாமே சிதையடுக்கி எரியூட்டி, அந்தணர் ஓதும் மந்திரங்களை ஓதி, கோதாவரியில் உதகதானமும் செய்தார். சக்கரவர்த்தியின் ஸம்ஸ்காரத்துக்கு அருகில் இல்லாதவர், தந்தையின் தோழராகிய பறவைக்குப் புத்திரனாக நின்றார்.

விதுரர் விஷயம் அத்துணை எளிதன்று. ஆச்ரமவாஸிக பர்வத்தின் வழங்கும் பாடத்தில், தர்மபுத்திரர் விதுரருடைய உடலை எரிக்க முற்பட்டபோது அசரீரி அதைத் தடுக்கிறது. விதுரர் யதிதர்மத்தை அடைந்தவர் என்று காரணமும் சொல்கிறது. பிள்ளை லோகாசார்யரோ ஸ்ரீவசநபூஷணத்தில், அசரீரி வாக்கையும் விதுரருடைய ஞானத்தின் மிகுதியையும் கொண்டு தர்மபுத்திரர் பிரஹ்மமேதம் செய்ததாகவே அருளிச்செய்கிறார். இவ்வேறுபாட்டைப் பிரதிவாதிகள் குறையாகச் சுட்டுவதுண்டு. எரித்தல், எரியாமை என்னும் முடிவில் இரண்டும் வேறுபடுவது உண்மையே. ஆயினும் தாஸியின் வயிற்றில் பிறந்தவருக்கு அப்பிறப்புக்கேற்ற கிரியையைச் செய்க என்று எப்பாடமும் சொல்லவில்லை. யதிக்குரிய நிலையோ, வைதிகனுக்குரிய ஸம்ஸ்காரமோ, எதுவாயினும் அங்கே பிறப்பு கணக்கில் கொள்ளப்படவில்லை. நம்பிக்கு வேண்டிய அளவு பிரமாணம் இதுவே.

ஆபஸ்தம்பர் தம் தர்மஸூத்ரத்தின் தொடக்கத்தில் தர்மம் அறிந்தோரின் ஸமயத்தை முதற்பிரமாணமாகவும், வேதங்களை அதனையடுத்தும் வைத்தார். இவ்வைப்புமுறையை நம் ஸம்ப்ரதாயம் பெரிதும் போற்றுகிறது. நல்லோர் ஒழுக்கம் என்பது ஊராரின் பெரும்பான்மை வழக்கன்று. தர்மம் அறிந்தவரின் அநுஷ்டாநம். இந்த வேறுபாட்டில்தான் நம்பியின் விடை முழுதும் தங்கியுள்ளது. அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும் ஆசார்ய ஹ்ருதயத்தில் இவ்வகை அநுஷ்டாநங்களையே அடுக்கிக் காட்டுகிறார்: குறும்பறுத்த நம்பியைத் தொண்டைமான் சக்கரவர்த்தியும், திருக்கச்சி நம்பியை எம்பெருமானாரும், திருப்பாணாழ்வாரை லோகஸாரங்க முனிவரும் அநுவர்த்தித்த முறை அங்கே பேசப்படுகிறது. பிள்ளை லோகாசார்யர் பாகவதனுடைய பிறப்பை ஆராய்வதை, அர்ச்சாமூர்த்தி எந்த லோகத்தால் ஆனதென்று எண்ணுவதினும் கொடிய அபசாரமாக வகுத்தார்.

வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தின் பிரபாவவ்யவஸ்தாதிகாரத்தில் வேறொரு வரம்பு கோலுகிறார். பாகவதனுக்குச் செய்யும் ஆதரம் வேறு, வர்ணத்தையொட்டிய தொழில், ஸம்பந்தம் முதலியவற்றின் ஒழுங்கு வேறு; முன்னது மிகுவதால் பின்னது அழியாது என்பது அவர் நிலை. இரு கலையாரும் பாகவதாபசாரத்தை அஞ்சுவதில் ஒத்தவர்கள். மரியாதை எங்கே முடிந்து கிரியை எங்கே தொடங்குகிறது என்பதே வழக்கு. மாறனேரி நம்பியின் செய்தி அந்த எல்லையின் மேலேயே நிற்பதால்தான் இன்றும் வாதத்துக்குரியதாய் இருக்கிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வாதம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1868இல் இராமநாதபுரம் ஸமஸ்தானத்தின் தத்து வழக்கில், தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு எழுதிய சாஸ்திரத்தையும் வெல்லும் என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அறிந்தோரின் ஒழுக்கம், ஊரார் வழக்கம் என்னும் பாகுபாடு அங்கே மறைந்தது. நீண்ட நாள் நடந்தது என்று சாட்சி கூறினால் போதும் என்றாயிற்று. 1908இல் கமுதிக் கோயில் வழக்கில் நாடார்களுக்கு நுழைவுரிமை மறுக்கப்பட்டதும் அவ்வழக்காற்றின் பெயராலேயே. இளகக்கூடியதாயிருந்த சமூக மரபு சட்டமாக உறைந்தபின், அதை இளக்கவும் சட்டமே தேவைப்பட்டது.

1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் அனந்தபத்மநாபன் ஸந்நிதி உள்ளிட்ட கோயில்களைத் திறந்தது. 1939 ஜூலை 8இல் மதுரைக் கோயிலுக்குள் ஒதுக்கப்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டபின் வந்த சென்னை மாகாணச் சட்டம், நுழைவை அனுமதித்ததோடு, அனுமதித்தவர்களைத் தண்டனையிலிருந்து காக்கவும் வேண்டியிருந்தது. அறமென்று ஒருவர் செய்தது நின்ற சட்டப்படி குற்றமாயிருந்தது என்பதற்கு அச்சட்டத்தின் தலைப்பிலேயே இடம்பெற்ற காப்புறுதி என்னும் சொல் சான்று. 1947இன் சட்டம் உரிமையைப் பொதுவாக்கியது. அரசியலமைப்பின் 17ஆம், 25ஆம் உறுப்புகள் அதை நிலைநாட்டின.

அச்சட்டத்தை எதிர்த்து மூல்கி வேங்கடரமணர் கோயிலின் கௌட ஸாரஸ்வதர் தொடுத்த வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு நம்மவர் கவனத்துக்குரியது. பெருமாளைச் சேவிக்கும் உரிமை எல்லா ஹிந்துக்களுக்கும் உண்டு, அதை ஒரு ஸம்ப்ரதாயத்தின் தன்னுரிமை தடுக்கமுடியாது என்று கூறிய நீதிமன்றம், குறிப்பிட்ட சில சடங்குகளை மட்டும் அச்சமூகத்தாருக்கே விட்டுவைத்தது. மரியாதைக்கும் கிரியைக்கும் இடையே தேசிகர் கண்ட கோட்டுக்கு ஏறக்குறைய அருகிலேயே நீதிபதிகளும் கோடிட்டனர் எனலாம். காரணங்கள் முற்றிலும் வேறானவை. மாறனேரி நம்பியின் விண்ணப்பமோ கோபுரவாசலைப் பற்றியதன்று. எரியூட்டும் கை எவருடையதாயிருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. அதற்குத் தாமே முன்வருக என்று எந்தச் சட்டமும் எவரையும் இன்றுவரை பணிக்கவில்லை.